பழைய பைத்தான் லைப்ரரியை 3.13-க்கு ஏற்றும் கருவிகள்: எது உழைக்கிறது, எது ஒப்புக்கு?

பைத்தான் 3.6, 3.7 காலத்து லைப்ரரி ஒன்றை 3.13-இல் நிறுவப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். உடனே எல்லோரும் தேடிப் போவது தானாகத் திருத்தித் தரும் கருவிகளைத்தான்: ரஃப், பைஅப்கிரேட், சி கோட் கலந்திருந்தால் பைத்தான்கேப்பி-காம்பாட், பைத்தான் 2 மிச்சம் இருந்தால் 2டு3. எல்லாமே இலவசம், எல்லாமே திறந்த மூலம். அதனால் விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எந்தப் பிழையை இவை தொடுகின்றன, எந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அதிகம் பேசப்படும் இரண்டு கருவிகளும் கோடை அழகாக்குவதில் கெட்டி. ஆனால் வேலையை நிறுத்திவைக்கும் பிழைகளில் சிலவற்றைத்தான் அவை தீர்க்கின்றன. பைத்தானோடு சும்மா வரும் ஓர் எச்சரிக்கைக் கொடி அவற்றைவிட அதிகம் உழைக்கிறது.

முதலில், பிழை எந்தக் கட்டத்தில்?

கருவியை ஓட்டுவதற்கு முன் பிப் (லைப்ரரிகளை நிறுவும் கட்டளை) எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். 'கெட்டிங் ரிக்வயர்மென்ட்ஸ் டு பில்ட் வீல்' என்ற வரியிலோ 'மெட்டாடேட்டா-ஜெனரேஷன்-ஃபெயில்டு' என்றோ நின்றால், பெரும்பாலும் உங்கள் லைப்ரரியின் கோட் இன்னும் தொடப்படவே இல்லை, நிறுவல் விவரங்கள் எழுதிய செட்அப்.பை கோப்பே ஓடி முடியாமல் விழுந்திருக்கிறது. 'ஃபெயில்டு பில்டிங் வீல்' என்று வந்தால் (வீல் என்பது நிறுவத் தயாரான பொதி) பெரும்பாலும் சி கம்பைலரின் புகார். நிறுவல் முடிந்து, இம்போர்ட் செய்யும்போது விழுந்தால்தான் பைத்தான் கோடில் சிக்கல். ரஃப்பும் பைஅப்கிரேடும் வேலை செய்வது இந்த மூன்றாவது கட்டத்தில் மட்டும். முதல் கட்டத்தில் நின்ற லைப்ரரிமேல் ரஃப்பை ஓட்டி நானூறு வரி மாற்றி, அதே பிழையை மறுபடி பார்ப்பது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பதுபோல.

கம்பைலர் லாகில் கடைசி வரியை நம்பாதீர்கள். பிப் கடைசியில் அச்சிடுவது வெறும் இரங்கல் குறிப்பு. சொற்பெருக்கக் கொடியோடு, அதாவது ஒற்றைக் கோடு வி போட்டு, மறுபடி ஓட்டி மேலிருந்து கீழாக முதல் 'எரர்:' எங்கே என்று தேடுங்கள். அதற்குப் பின்னால் வரும் ஐம்பது பிழைகளும் பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

ரஃப்: 5-க்கு 3

ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. வேகத்தைக் குறை சொல்ல முடியாது. பெரிய ரெப்போவையும் (கோட் களஞ்சியம்) ஒரு மூச்சில் முடித்துவிடும். பதிப்பு மாற்றத்துக்கு வேண்டியவை யூபி என்று தொடங்கும் விதிகள். அவற்றை செலக்ட் கொடியால் தேர்ந்தெடுத்து, ஃபிக்ஸ் கொடியோடு ஓட்ட வேண்டும். எந்தப் பதிப்பை இலக்காகக் கொள்வது என்பதை திட்டத்தின் அமைப்புக் கோப்பான பைப்ராஜெக்ட்.டாம்லில் உள்ள ரிக்வயர்ஸ்-பைத்தான் வரியிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். பழைய லைப்ரரிகளில் அந்த வரியே இருக்காது. அப்போது தன் இயல்புப் பதிப்பை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும். ஆகவே டார்கெட்-வெர்ஷனை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

கலெக்‌ஷன்ஸ் விவகாரத்தைப் பாருங்கள். மேப்பிங், காலபிள், இட்டரபிள் போன்றவை 3.3-இலேயே கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி-க்குக் குடிபோய்விட்டன; பழைய முகவரி 3.10-இல் மூடப்பட்டது. 'ஃப்ரம் கலெக்‌ஷன்ஸ் இம்போர்ட் மேப்பிங்' என்ற வரியை ரஃப் சரியாக மாற்றித் தருகிறது. ஆனால் மாட்யூலை மொத்தமாக இம்போர்ட் செய்துவிட்டு, நடுக்கோடில் கலெக்‌ஷன்ஸ்.மேப்பிங் என்று புள்ளி வைத்து அழைத்தால் அதைத் தொடாது. அந்த ஃபங்க்‌ஷன் ஓடும் நாளன்று அட்ரிபியூட் எரர் வரும். சாதாரண கிரெப்பால் (உரைத் தேடல் கட்டளை) கலெக்‌ஷன்ஸ் என்ற சொல்லுக்குப் பின் புள்ளியும் பெரிய எழுத்தும் வரும் இடங்களைத் தேடினால் ஒரு நிமிட வேலை. தேடலில் ஆர்டர்ட்டிக்ட், கவுன்ட்டர் போன்றவையும் கூடவே வரும். அவை அதே இடத்தில்தான் இருக்கின்றன, தொட வேண்டாம்.

எண் கணக்குக்கான நம்பை லைப்ரரியைப் பயன்படுத்தும் கோட் என்றால் ரஃப்புக்கு மதிப்பு கூடுகிறது. என்பி.இன்ட், என்பி.ஃப்ளோட் போன்ற மாற்றுப்பெயர்கள் நம்பை 1.24-இல் போயின, 2024-இல் வந்த 2.0-இல் இன்னும் பல போயின. என்பிஒய்201 என்ற ஒற்றை விதி 2.0-இன் பெயர் மாற்றங்களில் பெரும்பகுதியைப் பிடித்துத் திருத்திவிடும். யூபி விதிகள் முப்பதைவிட இந்த ஒன்று பயனுள்ளது என்பேன்.

வாங்கிக் கட்டிக்கொள்ளக்கூடிய இடமும் உண்டு. கோப்பின் தலையில் எதிர்கால அனொட்டேஷன் (வகைக் குறிப்பு) இம்போர்ட், அதாவது 'ஃப்ரம் __ஃப்யூச்சர்__ இம்போர்ட் அனொட்டேஷன்ஸ்' இருந்தால், ஆப்ஷனல் என்று எழுதியதை 'எக்ஸ் | நன்' வடிவத்துக்கு மாற்றிவிடும். டைப் செக்கருக்கு அது சரி. ஆனால் தரவுச் சரிபார்ப்பு லைப்ரரியான பைடான்டிக் போன்றவை அனொட்டேஷனை ஓடும்போதே எடுத்துக் கணக்கிடுகின்றன; 3.9-ஐயும் ஆதரிக்கும் லைப்ரரியில் அங்கே டைப் எரர் வரும். கீப்-ரன்டைம்-டைப்பிங் அமைப்பைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். இன்னொன்று, அன்சேஃப்-ஃபிக்ஸஸ் கொடியை முதல் சுற்றில் போடவே போடாதீர்கள்; அதன் பெயர் விளையாட்டுக்கு வைத்ததல்ல.

பைஅப்கிரேட்: 5-க்கு 3, சில வேலைகளில் 4

ரஃப்பின் யூபி விதிகளுக்கு மூலம் இதுதான். வேகம் குறைவு. டைரக்டரி கொடுத்தால் ஏற்காது, கோப்புப் பெயர்களாகத்தான் கேட்கும். கிட்டின் கோப்புப் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸ் வழியே ஊட்ட வேண்டும். ஏதாவது கோப்பை மாற்றினால் வெளியேறும் எண் 1 ஆகும். அதைப் பிழை என்று நினைத்து சிஐ பைப்லைனில் (தானியங்கிச் சோதனை வரிசை) குழம்புபவர்கள் உண்டு; மாறினாலும் சுழியத்தோடு வெளியேறச் சொல்லத் தனிக் கொடி இருக்கிறது.

பைத்தான் 2, 3 இரண்டிலும் ஓடவைக்கப் பயன்பட்ட சிக்ஸ் லைப்ரரியின் எச்சங்களைத் துடைப்பதில் இதன் கை சுத்தம். யூனிட்டெஸ்ட்டின் அசெர்ட்ஈக்வல்ஸ் போன்ற பழைய பெயர்கள் 3.12-இல் நீக்கப்பட்டன, அவற்றை மாற்றித் தருகிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன்களில் தவறான பின்சாய்வு எழுத்துகள் 3.12 முதல் சின்டாக்ஸ் வார்னிங்காகக் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு முன்னால் ஆர் போட்டுத் தருகிறது. இவ்வளவு போதும் என்பவர்கள் இதோடு நின்றுகொள்ளலாம். எஃப்-ஸ்ட்ரிங் மாற்றங்களால் டிஃப் (மாற்றங்களின் பட்டியல்) வீங்கிப்போய், உண்மையான மாற்றம் எது என்றே மறுபார்வையில் தெரியாமல் போவதுதான் இதன் பெரிய குறை. கீப்-பர்சென்ட்-ஃபார்மட் கொடி அந்த வீக்கத்தைப் பாதியாவது அடக்கும்.

இரண்டு கருவிகளும் செய்யாதது: மாட்யூலே காணாமல் போனால் மாற்று தேடித் தருவது. 3.12-இல் இம்ப், அசின்கோர், அசின்சாட், எஸ்எம்டிபிடி, டிஸ்ட்யூட்டில்ஸ் போயின. 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட், பைப்ஸ், ஐஎம்ஜிஎச்டிஆர் உட்பட 19 மாட்யூல்கள் ஒரே வெட்டில் போயின. இங்கே கைவேலைதான், அதிலும் கண்ணிகள் இருக்கின்றன.

இம்ப்.லோட்_சோர்ஸ் இருந்த இடத்தில் இம்போர்ட்லிப்.யூட்டில் வழியாக ஸ்பெக் உருவாக்கி, அதிலிருந்து மாட்யூல் உருவாக்கி, எக்ஸெக்_மாட்யூலை அழைப்பது வழக்கமான மருந்து. பழைய ஃபங்க்‌ஷன் அந்த மாட்யூலை சிஸ்.மாட்யூல்ஸ் அகராதியில் தானே பதிவுசெய்தது. புதிய வழி செய்யாது. எக்ஸெக்_மாட்யூலுக்கு முன்னால் நீங்களே ஒரு வரி போட்டுப் பதிவுசெய்யாவிட்டால், அந்தக் கோப்பில் எதிர்கால அனொட்டேஷன் இம்போர்ட்டோடு டேட்டாகிளாஸ் இருந்தால் 'நன்டைப் ஆப்ஜெக்ட்டுக்கு டிக்ட் இல்லை' என்று சம்பந்தமே இல்லாத பிழை வரும். ஆப்ஜெக்ட்டுகளைச் சேமிக்கும் பிக்கிளும் மாட்யூல் இல்லை என்று சொல்லும்.

சிஜிஐ.எஸ்கேப் 3.8-லேயே போய்விட்டது, மாற்று எச்டிஎம்எல்.எஸ்கேப். பழையது மேற்கோள் குறியை இயல்பாக மாற்றாது, புதியது மாற்றும். டெஸ்ட்டில் எதிர்பார்த்த வெளியீடு சற்று மாறியிருந்தால் காரணம் அதுதான். டிஸ்ட்யூட்டில்ஸின் லூஸ்வெர்ஷனுக்குப் பதில் பேக்கேஜிங் லைப்ரரியின் வெர்ஷன். ஆனால் லூஸ்வெர்ஷன் எதைக் கொடுத்தாலும் விழுங்கும். இது ஒழுங்கற்ற எண்ணைக் கண்டால் இன்வேலிட்வெர்ஷன் என்று தள்ளிவிடும். டிஸ்ட்யூட்டில்ஸில் இருந்த, ஆம்/இல்லைச் சொற்களை எண்ணாக்கும் ஸ்ட்ர்டுபூலுக்கு எந்த லைப்ரரியும் தேவையில்லை: ஒய், யெஸ், டி, ட்ரூ, ஆன், 1 என்றால் 1, என், நோ, எஃப், ஃபால்ஸ், ஆஃப், 0 என்றால் 0, மற்றதற்கு வேல்யூ எரர். ஆறு வரியில் எழுதிவிடலாம்.

2டு3: அருங்காட்சியகத்துக்கு

பைத்தானோடு வந்துகொண்டிருந்த இதற்கும் 3.13-இல் விடை கொடுத்துவிட்டார்கள். இதன் பாகுபடுத்தி பழைய வகை, 3.9-இல் பைத்தான் புதிய பாகுபடுத்திக்கு மாறிய பிறகு வந்த தொடரமைப்புகள் இதற்குப் புரியாது. இன்றும் தேவைப்பட்டால் 3.12 அல்லது அதற்கு முந்தைய பைத்தானில் இருந்து ஓட்ட வேண்டும். ஒரு முறைக்கு மேல் ஓட்டாதீர்கள்: அடைப்புக்குறியோடு எழுதிய பிரின்ட்டில் இரண்டு மதிப்புகள் இருந்தால், அதை டியூப்பிள் என்று எண்ணி இன்னோர் அடைப்புக்குறி போடும். பி கொடி இதைத் தடுக்கும். வகுத்தலில் முழு எண் வருமா தசமம் வருமா என்பதையும் பைட்ஸ், ஸ்ட்ரிங் குழப்பத்தையும் அது தொடாது; பைத்தான் 2-இலிருந்து வருகிறவர்களின் பெரிய தலைவலிகள் அவை இரண்டும்தான்.

இதோடு சேர்ந்து வரும் முதல் கட்டப் பிழை ஒன்று: 'யூஸ்_2டு3 இஸ் இன்வேலிட்'. லைப்ரரிகளைப் பொதியாகக் கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ் 2021-இல் வந்த 58-ஆம் பதிப்பில் இந்த வசதியைக் கழற்றிவிட்டது. 58-க்குக் கீழே கட்டிப்போடுங்கள் என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும். 3.12 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. அந்தப் பழைய செட்அப்டூல்ஸ் பைத்தானோடு வந்த டிஸ்ட்யூட்டில்ஸை நம்பி எழுதியது; அதோடு வரும் பிகேஜி_ரிசோர்சஸ், நீக்கப்பட்ட இம்ப்இம்போர்ட்டரைத் தேடும். ஆக, கோடை ஒருமுறை மாற்றி ரெப்போவில் கமிட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எந்தக் கருவியும் தொடாத முதல் கட்டம்

'டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை' என்ற பிழை ஒரு கணினியில் வரும், பக்கத்துக் கணினியில் வராது. மாயம் ஒன்றுமில்லை. செட்அப்டூல்ஸ் தனக்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் நகல் ஒன்றை வைத்திருக்கிறது. அது நிறுவப்பட்ட இடத்தில் பழைய இம்போர்ட் வேலை செய்துவிடும். 3.12 முதல் புதிய வென்வ் (தனித்த பைத்தான் சூழல்) உருவாக்கினால் செட்அப்டூல்ஸ் தானாக வராது. அதை நிறுவிச் சமாளிப்பது தற்காலிக ஒட்டு. ஓடும்போது தேவை என்றால் சார்புப் பட்டியலில் எழுதுங்கள், இல்லையேல் இம்போர்ட்டை நீக்குங்கள்.

வென்வில் செட்அப்டூல்ஸின் பதிப்பை மாற்றிவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்கள் மறப்பது, பிப் தனியறையில் பில்ட் செய்கிறது என்பதை. உங்கள் வென்வில் என்ன இருந்தாலும் அந்த அறைக்குள் எட்டாது. பைப்ராஜெக்ட்.டாம்லில் பில்ட்-சிஸ்டம் பகுதியின் ரிக்வயர்ஸ் பட்டியலில் எழுதியதுதான் உள்ளே போகும். அந்தக் கோப்பே இல்லாத லைப்ரரிக்கு அன்றைய புத்தம்புதிய செட்அப்டூல்ஸ் போகும். வேறொருவர் எழுதிய லைப்ரரியைத் திருத்த முடியாத நிலையில் நோ-பில்ட்-ஐசொலேஷன் கொடியைப் போட்டு, தேவையானதை முன்கூட்டியே நீங்களே நிறுவிக்கொள்ளலாம்.

இதே அறைதான் 'நம்பை என்ற மாட்யூல் இல்லை' என்று பில்ட் நேரத்தில் வரும் பிழைக்கும் காரணம். செட்அப்.பை தன் பதிப்பு எண்ணைத் தெரிந்துகொள்ள லைப்ரரியையே இம்போர்ட் செய்யும். அது நம்பையைக் கேட்கும். அறையில் நம்பை இருக்காது. பதிப்பு எண்ணை டாம்லில் எழுதிவிட்டு, கோடுக்குள் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டாவிலிருந்து படித்துக்கொள்ளுங்கள்.

ரெப்போவுக்குள் நகலெடுத்து வைத்த அந்நியக் கோப்புகள் இன்னொரு பதுங்குகுழி. பதிப்பு எண் தரும் வெர்ஷனீர்.பை பழைய நகலாக இருந்தால் சேஃப்கான்ஃபிக்பார்சர் இல்லை என்று 3.12-இல் விழும், அந்தக் கோப்பைக் கையால் திருத்தாமல் புதிய வெர்ஷனீரால் மறுபடி உருவாக்குங்கள். வெண்டர் டைரக்டரிக்குள் பழைய சிக்ஸ்.பை இருந்தால் 'சிக்ஸ்.மூவ்ஸ் இல்லை' என்று வரும். பிப் வழியே சிக்ஸைப் புதுப்பித்துப் பயனில்லை, லைப்ரரி பார்ப்பது தன் மடியில் இருக்கும் நகலை. 1.16 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பின் கோப்பை அந்த இடத்தில் வைத்தால் தீர்ந்தது.

பைத்தான்கேப்பி-காம்பாட்: 5-க்கு 4

சி எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம். இரண்டு பாகம்: ஒரு ஹெடர் கோப்பு, ஒரு திருத்தும் ஸ்கிரிப்ட். புதிய பைத்தானில் வந்த சி ஃபங்க்‌ஷன்களைப் பழைய பைத்தானிலும் கிடைக்கச் செய்வது ஹெடரின் வேலை. பழைய எழுத்துமுறையைத் தேடிப் புதியதாக மாற்றுவது ஸ்கிரிப்ட். 3.11-இல் வரும் 'எல்வேல்யூ ரிக்வயர்டு' என்ற பிழை இதற்குப் பொருத்தமான உதாரணம். பை_டைப் என்பது அதுவரை மேக்ரோ. இடப்பக்கம் வைத்து மதிப்புக் கொடுக்க முடிந்தது. 3.11-இல் அது ஃபங்க்‌ஷன் ஆகிவிட்டது. ஃபங்க்‌ஷன் தந்த மதிப்புக்கு எதையும் ஒதுக்க முடியாது. ஸ்கிரிப்ட் எல்லா இடத்திலும் பை_செட்_டைப் என்று மாற்றி, ஹெடரையும் சேர்த்துவிடுகிறது. மாற்றுவதற்கு முன் ஓல்டு என்ற விகுதியோடு நகல் எடுத்து வைக்கும். கமிட் செய்யும்போது அவை உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், யூனிகோட் பக்கம் இதனால் முடியாது. பை_யூனிகோட் வகைச் சரங்களைத் தரும் பழைய ஃபங்க்‌ஷன்கள் 3.12-இல் போய்விட்டன. யூடிஎஃப்8 ஆகவோ வைட்கேரக்டர் சரமாகவோ பெறும் ஃபங்க்‌ஷன்களுக்கு மாறும்போது, நினைவகத்தை யார் விடுவிப்பது என்ற கேள்வியும் மாறுகிறது. அது மனிதர் பார்க்க வேண்டிய வேலை.

பைத்தான் போன்ற கோடை சி கோடாக மாற்றித் தரும் சைத்தான் உருவாக்கிய சி கோப்புகள்மேல் இந்த ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். (பெயரைத் தமிழில் எழுதும்போதே ஓர் எச்சரிக்கை வந்துவிடுகிறது, அந்தக் கருவியின் குற்றமல்ல.) 'லாங்இன்ட்ரெப்ர்.எச் இல்லை' என்றால் 3.11, 'ஓபி_டிஜிட் என்ற உறுப்பு இல்லை' என்றால் 3.12, 'டிபி_பிரின்ட் இல்லை' என்றால் 3.9: இவை மூன்றும் பழைய சைத்தான் என்றோ உருவாக்கிய சி கோப்பு அப்படியே பொதியில் கிடக்கிறது என்பதற்கான அடையாளங்கள். சி கோப்பை நீக்கிவிட்டு, பில்ட் பட்டியலில் புதிய சைத்தானைச் சேர்த்து, பிஒய்எக்ஸ் கோப்பிலிருந்து மறுபடி உருவாக்க வேண்டும். சைத்தான் 3-க்குத் தாவினால் மொழி நிலை இயல்பாகவே பைத்தான் 3 ஆகும். சி லைப்ரரிக்குக் கால்பேக்காகக் கொடுக்கும் சிடெஃப் ஃபங்க்‌ஷன்களில் 'எக்செப்ட்? -1'-ஐ ஒதுக்க முடியாது என்ற பிழை வரும். ஃபங்க்‌ஷன் வரியின் கடைசியில் நோஎக்செப்ட் சேர்த்தால் போதும். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால் 0.29.36-உம் அதற்குப் பின் வந்த 0.29 வரிசையும் 3.12 வரை கை கொடுக்கும்.

குற்றத்தைப் பைத்தான் தலையில் மட்டும் போடவும் முடியாது. புதிய கன்டெய்னர் இமேஜோடு ஜிசிசி 14 என்ற சி கம்பைலரும் வந்திருக்கலாம். அறிவிக்காத ஃபங்க்‌ஷனை அழைப்பது அதற்கு முன் வெறும் எச்சரிக்கை, 14-இல் பிழை. எரிச்சலூட்டினாலும் இது நல்லதற்கே. பழைய கம்பைலரில் நீக்கப்பட்ட ஃபங்க்‌ஷனை அழைத்த கோட் பில்ட் ஆகிவிடும். பிறகு இம்போர்ட் செய்யும்போது 'அன்டிஃபைன்டு சிம்பல்' என்று விழும். சில லைப்ரரிகளில் அதுகூட வெளியே தெரியாது. வேகமான சி பதிப்பை ட்ரைக்குள் இம்போர்ட் செய்து, இம்போர்ட் எரர் வந்தால் மெதுவான பைத்தான் பதிப்புக்குச் சத்தமில்லாமல் மாறிவிடுவார்கள். டெஸ்ட் எல்லாம் பச்சை, வேகம் மட்டும் படுத்துவிடும். அந்த சி மாட்யூலை நேரடியாக ஒருமுறை இம்போர்ட் செய்து பாருங்கள்.

சும்மா கிடைக்கும் கொடி: 5-க்கு 5

டபிள்யூ கொடிக்கு எரர் என்று மதிப்புக் கொடுத்து டெஸ்ட்டுகளை ஓட்டினால், டெப்ரிகேஷன் எச்சரிக்கைகள் எல்லாம் பிழைகளாகி நிற்கும். 3.13-க்கு நேரடியாகத் தாவுவதைவிட 3.9, 3.11, 3.12 என்ற படிகளில் இதை ஓட்டுவது மேல். 3.9-இல் கலெக்‌ஷன்ஸ் விவகாரம் மாட்டும், 3.11-இல் இம்ப், டிஸ்ட்யூட்டில்ஸ், அசெர்ட்ஈக்வல்ஸோடு 3.13-இல் போன அந்த 19 மாட்யூல்களும் மாட்டும், விட்டுப்போன மாட்யூல்களை 3.12 இன்னொரு முறை காட்டும். ஒவ்வொரு படியிலும் கோட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் டெஸ்ட்டும் துணைக்கு இருக்கும். தாவிவிட்டால் முதல் இம்போர்ட்டிலேயே எல்லாம் நின்றுபோய், பின்னால் இருப்பது எதுவும் தெரியாது.

மற்றவர் லைப்ரரிகளின் எச்சரிக்கைகளும் சேர்ந்து வந்து கழுத்தறுக்கும். கட்டளை வரியில் மாட்யூல் பெயர் கொடுத்து வடிகட்டினால் அந்தப் பெயர் அப்படியே பொருந்த வேண்டும், துணை மாட்யூல்கள் சேராது. பைடெஸ்ட்டின் அமைப்புக் கோப்பில் ஃபில்டர்வார்னிங்ஸ் எழுதினால் அது ரெகுலர் எக்ஸ்பிரஷன், தலைப்பெயர் போதும். வடிகட்டலை அங்கே வையுங்கள்.

பின்சாய்வு எச்சரிக்கைகள் கோப்பு கம்பைல் ஆகும்போது மட்டுமே வரும். கம்பைல் ஆன பிஒய்சி நகல் ஏற்கெனவே இருந்தால் மௌனம். அதே எரர் கொடியோடு கம்பைல்ஆல் மாட்யூலை எஃப் கொடி போட்டு ஓட்டினால் எல்லாக் கோப்பையும் மறுபடி கம்பைல் செய்து காட்டிவிடும்.

கடைசியாகச் சோதிக்கும்போது பில்ட் டைரக்டரியையும் எக்-இன்ஃபோவையும் அழித்துவிட்டு, புதிய வீலை வெற்று வென்வில் நிறுவி, ரெப்போவுக்கு வெளியே போய் நின்று இம்போர்ட் செய்யுங்கள். உள்ளே நின்று செய்தால் பைத்தான் வீலை விட்டுவிட்டுக் காலடியில் இருக்கும் மூலக் கோடையே எடுத்துக்கொள்ளும்; வீலில் ஒரு துணை மாட்யூல் சேராமல் போயிருந்தாலும் தெரியாது.